ஒரு சீசனை வைத்து ரூக்கி (முதல் வருட) குவாட்டர்பேக்குக்குத் தீர்ப்பு எழுதலாமா?

சார்லட்வாசி:
நேற்று, 2025 நவம்பர் 16, அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-லில் எங்கள் சார்லட் அணி பாந்தர்ஸின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) ப்ரைஸ் யங் அட்லாண்டாவில் 448 யார்டு எறிந்தார். பாந்தர்ஸ் அணியில் ஒரே ஆட்டத்தில் இதுவரை யாரும் இவ்வளவு எறிந்ததில்லை. 2011-ல் கேம் நியூட்டன் எறிந்த 432 தான் பதினான்கு வருடமாக நின்ற சாதனை. கணுக்காலில் அடிபட்டு உள்ளே போனவர் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து, மூன்று டச்டவுன் (பந்தை எதிரணி எல்லைக்குள் சேர்த்து எடுக்கிற ஆறு புள்ளி) எறிந்து, ஓவர்டைமில் 30-27 என்று ஜெயித்துக் கொடுத்தார். ஆட்டம் முடிந்து வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை, காரணம் சந்தோஷம் மட்டும் இல்லை. 2023 டிசம்பரில் "இந்தப் பையன் தேறமாட்டான்" என்று வீட்டிலும் ஆபீஸிலும் அடித்துச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

அப்போது அப்படித்தான் தோன்றியது. 2023 டிராஃப்டில், அதாவது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கிற தேர்வில், முதல் இடத்துக்கு ஏறி அவரை எடுப்பதற்காக சிகாகோவுக்கு எதையெல்லாம் கொடுத்தோம் என்று நினைத்துப் பாருங்கள்: அந்த வருடத்தின் 9-வது, 61-வது தேர்வு, 2024-ன் முதல் சுற்று, 2025-ன் இரண்டாம் சுற்று, இது போதாது என்று டி.ஜே. மூர். அணியில் உருப்படியாக இருந்த ஒரே ரிசீவர் (எறிகிற பந்தைப் பிடிக்கிறவர்) அவர்தான். பதிலுக்கு வந்தது 2-15, இரண்டு வெற்றி, பதினைந்து தோல்வி. யங் ஆரம்பித்த 16 ஆட்டத்தில் 14 தோல்வி, 11 டச்டவுன், 10 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட எறிதல்), 62 சாக் (எறியுமுன்னே எதிரணி வீழ்த்தியது). கடைசி இரண்டு ஆட்டத்தில் அணிக்கு ஒரு புள்ளிகூட இல்லை. நாங்கள் கொடுத்த அந்த 2024 தேர்வோ முதல் இடமாகவே போய் விழுந்து, சிகாகோ அதில் கேலப் வில்லியம்ஸை எடுத்துக்கொண்டது.

இப்போது இதை எழுதக் காரணம் டென்னசியின் ரூக்கி குவாட்டர்பேக் கேம் வார்ட். ஆபீஸில் திங்கட்கிழமை காலை காபி இடத்தில் அதே பேச்சு, அதே சொல்: "பஸ்ட்", தேறாத ஆள். முதல் இடத்தில் எடுக்கப்பட்டவர், அணி 1-9, அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது. எனக்குத் தெரியவேண்டியது இதுதான்: முதல் வருடத்தில் எதைப் பார்த்தால் உண்மை தெரியும்? அல்லது எதைப் பார்த்தாலும் தெரியாதா?

டென்னசி வாத்தியார்:
நல்ல கேள்வி. நான் நாஷ்வில் பக்கம் இருக்கிறேன். மகன் பள்ளி அணியில் ஆடுவதால் வெள்ளிக்கிழமை இரவுகளில் ஓரக்கோட்டில் நின்று பத்து யார்டு சங்கிலி பிடிக்கிற தொண்டர்களில் நானும் ஒருவன். டிவியில் பந்தைத்தான் காட்டுவார்கள், கண்ணும் அதன் பின்னாலேயே போய்விடும். அங்கே நின்ற பிறகுதான் குவாட்டர்பேக்கின் காலைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். முன்னால் நின்று காக்கிற லைன் சரியாக இருக்கிற பையன் பின்னால் மூன்று எட்டோ ஐந்து எட்டோ வைத்து, கடைசி எட்டில் பாதத்தை ஊன்றி, பார்வை ஒருவனிடமிருந்து அடுத்தவனுக்குத் திரும்பும்போது காலும் கூடவே திரும்பும். இரண்டு மூன்று முறை அடிவாங்கிய பையனுக்கு அந்தக் கடைசி எட்டு ஊன்றாது. குதிகால் தூக்கியே இருக்கும், முன்னால் யாரும் இல்லாதபோதும் துள்ளிக்கொண்டே இருப்பான். ஊன்றாத காலில் எறிகிற பந்து ஆளுக்கு மேலேதான் போகும். எங்கள் பள்ளிப் பையன் ஒருவனுக்கு இப்படி ஆனதைக் கண்ணால் பார்த்தேன், அவன் தோளில் எந்தக் குறையும் இல்லை.

அதனால் இன்டர்செப்ஷன் எத்தனை, யார்டு எத்தனை என்பதைவிட, கால் ஊன்ற நேரம் கிடைத்தபோது என்ன செய்கிறான் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். 2023 யங்கிடம் அந்த நேரமே அபூர்வம். முதல் ஆட்டத்தோடு இடது கார்டு (லைனில் நின்று குவாட்டர்பேக்கைக் காக்கிறவர்) ப்ரேடி கிறிஸ்டென்சனுக்கு சீசன் முடிந்தது, அதற்கப்புறம் அந்த இடத்தில் வாராவாரம் வேறு ஆள். அந்த அணியே பிறகு என்ன செய்தது பாருங்கள். 2024 மார்ச்சில் இரண்டு கார்டுகளை வெளியிலிருந்து வாங்கியது, ராபர்ட் ஹன்டுக்கு ஐந்து வருடத்துக்கு 10 கோடி டாலர், டேமியன் லூயிஸுக்கு நான்கு வருடத்துக்கு 5.3 கோடி. கோளாறு எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஹூஸ்டன்காரி:
வாத்தியார் அண்ணா, மன்னிக்கவும், எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. அதே 2023 டிராஃப்டில் அடுத்த இடத்தில் போனவர் எங்கள் சி.ஜே. ஸ்ட்ரவுட். வந்து சேர்ந்த அணி முந்தின வருடம் 3-13-1. பயிற்சியாளர் டெமீகோ ரயன்ஸுக்கும் அதுதான் முதல் வருடம். லைனில் எங்களுக்கும் அடிபடாத ஆள் குறைவு. ஆனாலும் 4,108 யார்டு, 23 டச்டவுன், வெறும் 5 இன்டர்செப்ஷன். டிவிஷனை ஜெயித்து பிளேஆஃபில் கிளீவ்லேண்டை 45-14 என்று அனுப்பி வைத்தோம். எல்லாமே சூழ்நிலைதான் என்றால் ஸ்ட்ரவுட் எப்படி ஆடினார்?

அதற்காக யங் லாயக்கில்லை என்று சொல்ல வரவில்லை. அந்த வருடம் இருவரும் சார்லட்டில் மோதியபோது 15-13 என்று ஜெயித்தது யங்தான், கடைசி நொடி ஃபீல்டு கோல் (உதைத்து எடுக்கிற மூன்று புள்ளி), எங்களுக்கு இன்னும் வலிக்கிறது. ஆனால் சுற்றி இருப்பவர்கள் மேலேயே எல்லாப் பழியையும் போட்டுவிட்டால் ஆட்டக்காரனை எடைபோடவே முடியாமல் போய்விடும்.

கணக்குப்பிள்ளை:
ஹூஸ்டன்காரி சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரே பட்டியல்தான் வரும். பேட்டன் மானிங் 1998-ல் 28 இன்டர்செப்ஷன் எறிந்தார், ரூக்கிகளில் இன்றுவரை அதுதான் அதிகம், அடுத்த வருடமே அணி 13-3. ட்ராய் ஐக்மேன் 1989-ல் ஆரம்பித்த 11 ஆட்டமும் தோல்வி, பிறகு மூன்று சூப்பர் பவுல் (லீகின் இறுதி ஆட்டம்) வெற்றி. ஜாரட் கோஃப் 2016-ல் 0-7, பயிற்சியாளர் ஷான் மெக்வே வந்த அடுத்த வருடம் 28 டச்டவுன். எல்லாம் உண்மை. ஆனால் இவர்கள் பிழைத்துக்கொண்டவர்கள், அதனால் நினைவில் இருக்கிறார்கள். மானிங்குக்கு அடுத்த இடத்தில் போன ரயன் லீஃப் அதே 1998-ல் 2 டச்டவுன், 15 இன்டர்செப்ஷன், அவர் எழவே இல்லை. 2007-ன் முதல் தேர்வு ஜமார்கஸ் ரஸ்ஸல் மூன்று சீசனில் லீகை விட்டே போனார். 2021-ல் இரண்டாம் இடத்தில் போன ஸாக் வில்சன் முதல் வருடம் 9 டச்டவுன், 11 இன்டர்செப்ஷன், நியூயார்க் ஜெட்ஸ் மூன்று வருடம் பொறுமையாகக் காத்திருந்தும் பலன் இல்லை.

ஜாஷ் ரோசன் கதையையும் பாருங்கள். 2018-ல் அரிசோனா அவரைப் பத்தாவது இடத்தில் எடுத்தது. 11 டச்டவுன், 14 இன்டர்செப்ஷன், அணி 3-13. லைன் மோசம், ஆட்டம் அழைக்கிறவரை (ஒவ்வொரு முறையும் என்ன ஆடுவது என்று சொல்கிற பயிற்சியாளரை) நடுவிலேயே மாற்றினார்கள், தலைமைப் பயிற்சியாளரையும் ஒரே வருடத்தில் அனுப்பினார்கள். யங்குக்காக நீங்கள் சொல்கிற காரணம் அத்தனையும் ரோசனுக்கும் பொருந்தும். ஆனாலும் அரிசோனா ஒரே வருடத்தில் அவரை விற்றுவிட்டு 2019-ன் முதல் இடத்தில் கைலர் மரேயை எடுத்தது. ரோசன் அதற்குப் பிறகு எங்கேயும் நிலைக்கவில்லை. அவர்கள் அவசரப்பட்டார்கள், ஆனால் தப்பாகப் போகவில்லை. பொறுமை எப்போதும் பலன் தரும் என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டாம்.

சார்லட்வாசி:
கணக்குப்பிள்ளை சார், ரோசன் விஷயம் என்னை யோசிக்க வைக்கிறது, மறுக்க முடியவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். நான் "தேறமாட்டான்" என்று சொன்ன அதே மாதத்தில் என் கண்முன்னாலேயே ஒரு விஷயம் நடந்தது, அப்போது அதை நான் பொருட்படுத்தவில்லை.

2023 டிசம்பர் 17, அட்லாண்டாவுடன் ஆட்டம். விடாத மழை. ஒரே ஒரு வெற்றி வைத்திருக்கிற அணியைப் பார்க்க அந்த மழையில் யார் வருவார்கள், எங்கள் பகுதியில் வரிசை வரிசையாக நாற்காலி காலி, குழிவில் தண்ணீர் தேங்கி நின்றது. ரெயின்கோட்டுக்குள்ளும் சட்டை நனைந்து, பிளாஸ்டிக் பையில் கையை நுழைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாங்கள் 6, அவர்கள் 7. ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் எட்டு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது எங்கள் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் பந்து கிடைத்தது. அங்கிருந்து ஏறத்தாழ 90 யார்டு, கொஞ்சம் கொஞ்சமாக, ஓடி, எறிந்து, மூன்றாவது டவுனில் (பத்து யார்டு போகக் கிடைக்கிற நான்கு முயற்சியில் மூன்றாவதில்) தேவையானதை மட்டும் எடுத்து, கடிகாரத்தில் எதிரணிக்கு ஒரு நொடியும் மிச்சம் வைக்காமல் கொண்டுபோய் நிறுத்தினார். எங்கள் உதைப்பாளர் பினேரோ உதைத்தார், 9-7. ஈரப் பந்து கையில் வழுக்குகிறது, ஆனாலும் ஒரு எறிதலில்கூடப் பதற்றம் இல்லை. நான் அன்று வீடு திரும்பும்போது நினைத்தது "9 புள்ளி எடுத்து ஒரு வெற்றியா" என்பது மட்டும்தான்.

அடுத்த வாரம் கிரீன் பே-க்கு எதிராக 312 யார்டு எறிந்து 33-30 என்று தோற்றார். அதையும் தோல்விக் கணக்கில்தான் எழுதினேன். அந்தப் பையன் அங்கே இருந்தார் சார். நான்தான் மொத்தக் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கார்பரோ தம்பி:
அண்ணைமார் எல்லாரும் குவாட்டர்பேக்கைப் பற்றியே கதைக்கிறீர்கள், மற்ற இடங்களிலும் இதே பிழை நடக்கிறது. 2021-ல் சின்சினாட்டி ஐந்தாவது இடத்தில் ஜமார் சேஸை எடுத்தது. முந்தின வருடம் கல்லூரியில் ஆடாமல் விலகி இருந்தவர். சீசனுக்கு முந்தின ஆட்டங்களில் பந்தைப் பிடிக்க முடியாமல் விட்டுக்கொண்டே இருந்தார். கேட்டதற்கு, கல்லூரிப் பந்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு உண்டு, என்.எஃப்.எல். பந்தில் அது இல்லை, சுழன்று வரும்போது கண்ணால் பிடிப்பது கஷ்டம் என்றார். எத்தனை பேர் சிரித்தார்கள்! சாக்குச் சொல்கிறான் என்றார்கள். பிறகு முதல் ஆட்டத்திலேயே 101 யார்டு, சீசன் முடிய 1,455 யார்டு, 13 டச்டவுன், அந்த வருடத்தின் சிறந்த தாக்குதல் ரூக்கி. அவர் சொன்னது உண்மையான காரணம்தான், கண் பழகக் கொஞ்ச நாள் தேவைப்பட்டது.

2020-ல் நான்காவது இடத்தில் போன ஆண்ட்ரூ தாமஸும் அப்படித்தான். நியூயார்க் ஜயன்ட்ஸ் லைனின் இடது ஓரத்தில் ஆரம்ப வாரங்களில் எல்லாரும் அவரைத் தாண்டித்தான் போனார்கள். நான் அவர்களின் ரசிகன், அப்போது தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எழும்பிப் போயிருக்கிறேன். சீசன் முடிந்ததும் கணுக்காலில் சத்திரசிகிச்சை. இரண்டு வருடம் கழித்து ஆல்-ப்ரோ (லீகின் சிறந்தவர்கள் பட்டியல்) இரண்டாம் அணியில் அவர் பெயர். லைனில் ஆடுகிற ஆளுக்கு அந்தக் கால் எவ்வளவு முக்கியம் என்று நான் யோசிக்கவே இல்லை.

டென்னசி வாத்தியார்:
தம்பி சொன்ன வெள்ளைக் கோடு நல்ல உதாரணம். வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே விளையாட்டு மாதிரி இருக்கும், ஆனால் இல்லை. கல்லூரி மைதானத்தில் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கும் (பந்தை இவற்றுக்கு இடையில்தான் வைப்பார்கள்) நடுவே 40 அடி, என்.எஃப்.எல்.-லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஓரமாக வைக்கப்பட்டால் ஒரு பக்கம் பெரிய வெற்றிடம் கிடைக்கும், இங்கே பந்து எப்போதும் நடுவாந்திரம்தான், அந்த வெற்றிடம் கிடையாது. ஹெல்மெட் ரேடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியின் மேல்மட்டத்தில் அது 2024-ல்தான் வந்தது. யங் அலபாமாவை விட்டு வந்தது 2022 சீசனோடு. அதுவரை ஓரக்கோட்டிலிருந்து வரும் சைகையைப் பார்த்து ஆடியவர், திடீரென்று காதுக்குள் ஒரு குரல் நீளமான ஆட்டப் பெயரைச் சொல்ல, அதைப் பத்துப் பேருக்கு ஒப்பிக்கவேண்டும், அடுத்த ஆட்டத்தைத் தொடங்கத் தருகிற கடிகாரம் 15 நொடிக்கு வந்ததும் அந்தக் குரல் அறுந்துவிடும். அதற்கப்புறம் எதிரில் நிற்கிறவர்களை அவரேதான் படிக்கவேண்டும்.

இதில் அந்தக் குரலே மாறிக்கொண்டிருந்தால்? 2023-ல் பாந்தர்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ஃப்ராங்க் ரைக் ஆட்டம் அழைத்தார், 0-6 ஆனதும் உதவியாளர் தாமஸ் ப்ரவுனிடம் கொடுத்தார், மூன்று ஆட்டம் கழித்துத் திரும்ப வாங்கிக்கொண்டார், பதினோராவது ஆட்டத்தோடு ரைக்கை அனுப்பினார்கள், மறுபடி ப்ரவுன். 22 வயதுப் பையனுக்கு ஒரே சீசனில் நடந்தது இவ்வளவும். எங்கள் வார்டுக்கும் கிட்டத்தட்ட அதே. தலைமைப் பயிற்சியாளர் ப்ரையன் காலஹான் ஆட்டம் அழைப்பதை நடுவில் வேறொருவரிடம் கொடுத்தார், 1-5 ஆனதும் அவரையே அனுப்பிவிட்டார்கள். முதல் ஆட்டத்தில் டென்வரில் வார்ட் 28 எறிதலில் 12 தான் சேர்த்தார், 112 யார்டு, 6 சாக். அந்த எண்ணை வைத்துத்தான் உங்கள் ஆபீஸில் பேசுகிறார்கள். ரிசீவர்கள் கையில் பட்டு விழுந்த பந்தை யாரும் எண்ணவில்லை.

கணக்குப்பிள்ளை:
சரி வாத்தியாரே, ஒத்துக்கொள்கிறேன், முதல் வருடக் கணக்கில் பாதி அவனுடையது இல்லை. ஆனால் அணிக்குக் காலம் அளந்துதான் கிடைக்கிறது. முதல் சுற்று ஆளுக்கு நான்கு வருட ஒப்பந்தம், ஐந்தாவது வருடத்தை அணி விரும்பினால் சேர்க்கலாம், ஆனால் அந்த முடிவை மூன்றாவது சீசன் முடிந்த மே மாதத் தொடக்கத்துக்குள் சொல்லியாகவேண்டும். அதனால் எந்த மேலாளரும் மூன்று வருடம் சும்மா உட்கார முடியாது. 2011-ல் புது ஒப்பந்த விதி வந்த பிறகு ரூக்கி சம்பளம் குறைந்தது. 2010-ன் முதல் தேர்வு சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு வருடத்துக்கு 7.8 கோடி டாலர், அடுத்த வருடம் கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கு 2.2 கோடிதான். ஆள் மலிவு ஆனதும் கைவிடுவதும் சுலபமாகிவிட்டது. முன்பு போட்ட பணத்துக்காகவாவது காத்திருந்தார்கள்.

என் அளவுகோல் ஒன்றுதான். அதே தப்பைத் திரும்பச் செய்கிறானா, புதுத் தப்பு செய்கிறானா? அக்டோபரில் அவனை ஏமாற்றிய தடுப்பு டிசம்பரிலும் ஏமாற்றினால் எனக்குப் பயம் வரும். ரோசன், வில்சன் இருவரிடமும் நான் கண்டது அதுதான். யங்கிடம் முதல் வருடம் எனக்கு அது தெளிவாகவில்லை, அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை.

ஹூஸ்டன்காரி:
இது எனக்குப் பிடித்திருக்கிறது. இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், என் அணியைப் பற்றியே. ஸ்ட்ரவுட் முதல் வருடம் பறந்தார், இரண்டாம் வருடம் 52 சாக், இன்டர்செப்ஷன் 5-லிருந்து 12. முன்னால் நின்ற லைன் கலைந்தது, அவர் பார்வையும் கலைந்தது. முதல் வருடத்தை வைத்து எங்கள் ஊரில் சூப்பர் பவுல் தேதி குறித்தவர்கள் உண்டு. ஆக, மெதுவாக ஆரம்பிக்கிறவரைப் பற்றி அவசரப்படுகிற அதே அவசரம் வேகமாக ஆரம்பிக்கிறவர் விஷயத்திலும் இருக்கிறது. முதல்முறை நான் எழுதியபோது இதை யோசிக்கவில்லை.

சார்லட்வாசி:
நியாயம். நேற்றைய 448-ஐ வைத்து நானும் யங்குக்குச் சிலை வைக்கப்போவதில்லை. போன வாரம்தான் நியூ ஆர்லியன்ஸிடம் சொந்த மைதானத்தில் 17-7 என்று தோற்றோம், மொத்தமே ஏழு புள்ளி. 2024 செப்டம்பரில் இரண்டே ஆட்டத்தில், 47-10, 26-3 என்று தோற்ற பிறகு, அவரை உட்கார வைத்தார்கள், ஆண்டி டால்டன் ஆடினார். டால்டனுக்குக் கார் விபத்தில் கட்டைவிரலில் அடிபடாமல் இருந்திருந்தால் யங் திரும்ப வந்திருப்பாரா, நேற்றைய ஆட்டம் நடந்திருக்குமா என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. திரும்பி வந்த பிறகு கன்சாஸ் சிட்டியோடு கடைசி நொடியில்தான் தோற்றார். சீசன் கடைசி ஆட்டத்தில் அட்லாண்டாவை 44-38 என்று ஓவர்டைமில் ஜெயித்தார். உட்கார்ந்திருந்த அந்த ஐந்து வாரம் அவருக்கு நல்லது செய்ததா, அல்லது முன்னால் இரண்டு கார்டு வந்ததா, அல்லது பயிற்சியாளர் டேவ் கனாலஸ் என்கிற ஒரே குரல் காதில் நிலைத்ததா, என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்றும்தான் என்று நினைக்கிறேன், கார்டுகளுக்குக் கொஞ்சம் கூடுதல் பங்கு.

ஸ்கார்பரோ தம்பி:
அண்ணை, உங்கள் ஊரில் இருந்துவிட்டுப் போன இன்னொருவரை மறந்துவிட்டீர்கள். சாம் டார்னால்ட்.

சார்லட்வாசி:
மறக்கவில்லை தம்பி, சொல்லத் தயக்கமாக இருந்தது. 2018-ல் ஜெட்ஸ் மூன்றாவது இடத்தில் எடுத்தவர். முதல் ஆட்டத்தில் எறிந்த முதல் பந்தே எதிரணி கையில் போய் டச்டவுன் ஆனது, ஆனாலும் அந்த ஆட்டத்தை 48-17 என்று ஜெயித்தார். மூன்று வருடம் அங்கே, இரண்டு வருடம் எங்களிடம். இங்கே யாரும் அவரை நம்பவில்லை, நானும்தான். போகும்போது யாரும் வருத்தப்படவில்லை. 2024-ல் மினசோட்டாவுக்கு 14 வெற்றி, 35 டச்டவுன். ஏழாவது வருடத்தில்!

ஹூஸ்டன்காரி:
நேற்று சியாட்டிலுக்காக ராம்ஸுக்கு எதிராக ஆடிய அதே டார்னால்ட் நான்கு இன்டர்செப்ஷன் எறிந்து 21-19 என்று தோற்றாரே அண்ணா.

கணக்குப்பிள்ளை:
ஆமாம், ஆனால் அந்த நான்கும் போன பிறகும் கடைசி நிமிடத்தில் அணியை ஃபீல்டு கோல் தூரத்துக்குக் கொண்டுவந்தார், உதைதான் தவறியது. 2019-ல் நியூ இங்கிலாந்து 33-0 என்று நொறுக்கியபோது "பேய் தெரிகிறது" என்று மைக்கில் பதிவான அதே ஆள். நான் பார்ப்பது இதைத்தான், நான்கு தப்புக்குப் பிறகு ஐந்தாவது முறை கால் எப்படி இருக்கிறது.

டென்னசி வாத்தியார்:
வரும் ஞாயிறு சியாட்டில் எங்கள் ஊருக்கு வருகிறது, டார்னால்டும் வார்டும் ஒரே மைதானத்தில். மகனுக்கும் எனக்கும் டிக்கெட் இருக்கிறது, மேல்தட்டில், ஆனால் அங்கிருந்து இருபத்திரண்டு பேரும் தெரிவார்கள். மூன்றாவது டவுனில் ஏழு யார்டுக்கு மேல் தேவைப்படும்போதெல்லாம் வார்டின் கடைசி எட்டு ஊன்றுகிறதா இல்லையா என்று குறித்துக்கொண்டு வருகிறேன். கணக்குப்பிள்ளை, உங்களுக்காக செப்டம்பர் ஆட்டங்களையும் இந்த வாரமே திரும்பப் பார்த்துவிடுகிறேன், ஒப்பிட வசதியாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை:
டென்வர் ஆட்டத்திலிருந்தே ஆரம்பியுங்கள். நானும் பார்க்கிறேன், திங்கட்கிழமை இரண்டு பேர் குறிப்பையும் வைத்துப் பேசலாம்.